கொதிக்க விடாத தண்ணீர்

அஸ்மான் லாரியிலிருந்து உருட்டிவிட்டது ஏழு குலை.
ஆலையில் ஆவியில் வெந்து, பழம் உதிர்ந்து, எண்ணெய் போய்,
முள்ளும் நாருமாய்
ஆய்வுக்கூடத்துப் பின்வாசலில் கிடந்தன
மழையில் நனைந்த நாய்களைப் போல.
"சம்பா, காக்" என்றான்.
மலாயில் அது குப்பை.
எனக்கு நெல் ஞாபகம் வந்தது.

நிபோங் தெபாலில் மூன்று நாள் வெயில் இல்லை.
அடுப்பில் உலர்த்தி, அரைத்து, சலித்து,
ஐம்பது கிராம் செம்பனை நாரைக் கலனுக்குள் போட்டேன்.
மேலே தண்ணீர். வேறொன்றும் இல்லை.
அமிலம் வாங்கப் பணமில்லை என்பதால் அல்ல.
(பணமும் இல்லை.)
எட்டு போல்ட்டுகளை எதிரெதிராய் முறுக்கினேன்.

நூறு டிகிரியில் கொதித்துவிடத்தான் பார்க்கிறது தண்ணீர்.
அழுத்தம் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.
நூற்றிருபது. நூற்றைம்பது.
ஆவியாகத் தெரியாமல்
தண்ணீராகவே நின்று சூடேறுகிறது.
நூற்றெண்பதில்
பச்சைத் தண்ணீருக்கே லேசாய்ப் புளிப்பு தட்டும்.

அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது.
காடி நாருக்குள்ளேயே இருந்திருக்கிறது,
மரம் பச்சையாய் நின்ற நாளெல்லாம்
சர்க்கரைச் சங்கிலியில் சின்னச் சின்னக் கொக்கியாய்.
சூட்டில் ஒரு கொக்கி கழலும்.
கழன்றது பக்கத்துக் கொக்கியைக் கழற்றும்.
வெளியாள் யாரும் கை வைக்கவில்லை.
வீட்டுக்காரனே உள்ளிருந்து தாழ்ப்பாளை எடுக்கிறான்.

லிக்னின் அப்படிக் கரைந்து போகிற ஜாதி இல்லை.
மெழுகாய் இளகி, சுவரை விட்டு நகர்ந்து,
ஆறும்போது நாரின் மேலேயே
துளித்துளியாய் உறைந்துவிடும்.
காலி செய்யச் சொன்னவன்
வாசற்படியில் பெட்டியோடு உட்கார்ந்த மாதிரி.
ஹுய் மின் நுண்ணோக்கியில் காட்டினாள்:
வரிசையாய்ப் பதிந்திருந்த சிலிக்கா மணிகள் உதிர்ந்து
வெறும் குழிகள்.
முட்டை எடுத்துவிட்ட அட்டைத் தட்டு.
அந்தக் குழி வழியாகத்தான்
நொதிக்கு இனிமேல் போக்குவரத்து.

செவ்வாய்க்கிழமை கார் கடன்காரன் போன் செய்தான்.
இரண்டு மாதத் தவணை.
அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று
நான் சொல்லி முடித்தபோது
இருபது நிமிடம் முப்பத்தொன்று ஆகியிருந்தது.
மூடியைத் திறந்தேன்.
முதலில் பாகு வாசம். நாக்கு ஊறியது.
அடுத்த மூச்சில் கசந்த பாதாம்.
அவிழ்ந்த சர்க்கரை இன்னும் கொஞ்சம் வெந்தால்
ஃபர்ஃபுரால்.
அதில் விட்ட ஈஸ்ட்
வெள்ளிவரை ஒரு குமிழி விடவில்லை.
"இருபது" என்று எழுதிய இடத்தை அடித்து
"முப்பத்தொன்று" என்று எழுதினேன்.
எழுதாமல் விடலாமா என்று யோசித்தது
குறிப்பேட்டில் இல்லை.

மறுபடியும் ஐம்பது கிராம்.
போனை ஹுய் மின்னின் மேசை டிராயரில் போட்டேன்.
இருபதாவது நிமிடம்
கேன்டீன் மாக்சிக் ரோஹானி கொடுத்த ஐஸ் வாளியில்
கலனை அப்படியே இறக்க, அது சீறியது.
கோப்பி நிறத்தில் சாறு. அடியில் கறுத்த நார்.
நாரைப் பிழிந்து நொதிக்குக் கொடுத்தோம்,
மூன்று நாள், ஐம்பது டிகிரி, குலுக்கிக்கொண்டே.
பிறகு ஈஸ்ட்.
ஞாயிறு இரவு ஒன்றரை மணிக்கு முதல் குமிழி.
ஹுய் மின் தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பினேன்.
திட்டினாள். பார்த்தாள்.

வடித்ததில் ஆறு மில்லி.
இருமல் மருந்து மூடிக்குக்கூடத் தழும்பாது.
அஸ்மான் முகர்ந்து பார்த்துவிட்டு
லாரியைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான்,
"கேட்டைத் தாண்டுமா, காக்?"
தாண்டாது என்றேன்.

அவன் கொண்டுவந்த புதுக்குலைகள்
ஆலை முற்றத்தில் இரண்டு வாரம் கிடந்தவை.
நாருக்கிடையில்
சாம்பல் தலையை நீட்டியிருந்தன காளான்கள்.
நான் தேடுகிற அதே சர்க்கரைக்குத்தான்
அவையும் வந்திருக்கின்றன,
போல்ட் இல்லாமல், ஐஸ் இல்லாமல்,
நிமிடக் கணக்கு இல்லாமல்.
ஒன்று விடாமல் பறித்து
ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டான் அஸ்மான்.
மசாக் லெமாக், மனைவி நன்றாக வைப்பாளாம்.
மிச்சத்தை உருட்டிவிட்டான்.